பழனிப் பஞ்சாமிர்தம்: எதை வாங்கலாம், எப்படிப் பார்க்கலாம், கொடைக்கானல் மலையில் எப்படி வைத்திருக்கலாம்

பழனிக்கு வந்துவிட்டுப் பஞ்சாமிர்தம் வாங்காமல் பஸ் ஏறுகிறவர் குறைவு. வாங்குகிறவர்களில் பாதிப் பேர் டப்பாவின் மேல் இருக்கும் ராஜ அலங்காரப் படத்தைப் பார்த்தே வாங்கிவிடுகிறார்கள். உள்ளே இருப்பது என்ன, ஏன் ஒன்று பதினைந்து நாள் கழித்தும் மணக்கிறது, இன்னொன்று நாலாம் நாளே புளிக்கிறது என்று பார்ப்பதில்லை. தேவஸ்தானத்தின் டப்பா, அடிவாரத்துத் தனியார் கடைகளின் டப்பா, வீட்டில் பிசைவது என்று மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒன்று தெளிவாகத் தெரியும். பஞ்சாமிர்தத்தின் தரம் முக்கால்வாசி வாழைப்பழத்திலேயே முடிவாகிவிடுகிறது. மிச்சம் கால்வாசி, தண்ணீர் படாமல் இருப்பதில்.

முதலில் பொருளைச் சொல்லிவிடலாம். வேறு ஊர்க் கோயில்களில் பஞ்சாமிர்தம் என்றால் பால், தயிர், நெய், தேன், சர்க்கரை சேர்ந்த திரவமாக இருக்கும். அன்றைக்கே தீர்த்துவிட வேண்டும். பழனியில் பாலும் கிடையாது, தயிரும் கிடையாது. மலைவாழைப்பழம், நாட்டுச்சர்க்கரை, பசுநெய், தேன், ஏலக்காய் என்ற ஐந்துதான் அடிப்படை. அதோடு கொட்டை நீக்கிய பேரீச்சையும் கற்கண்டும் சேரும். அடுப்பில் ஏற்றுவதில்லை, ஒரு சொட்டுத் தண்ணீர் விடுவதில்லை, கெடாமல் இருக்க மருந்து எதுவும் போடுவதில்லை. 2019 ஆகஸ்டில் இதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தமிழ்நாட்டுக் கோயில் பிரசாதம் ஒன்றுக்கு அந்தக் குறியீடு கிடைத்தது அதுவே முதல் முறை.

இது சாமிக்குச் செய்வது. நாம் வாங்கிச் சாப்பிடுவது அதன் மிச்சம் என்ற நினைப்பில்தான் இதைத் தொட வேண்டும். மூலவர் தண்டாயுதபாணி, போகர் ஒன்பது பாஷாணங்களைக் கட்டிச் செய்த நவபாஷாணத் திருமேனி என்பது வழிவழியாக வரும் வரலாறு. போகரின் சமாதி மலைக்கோயில் பிராகாரத்திலேயே இருக்கிறது. அவருடைய சீடர் புலிப்பாணி. அந்தத் திருமேனிக்கு நல்லெண்ணெய், பஞ்சாமிர்தம், சந்தனம், விபூதி என்ற நான்கும் அபிஷேகப் பொருள்கள், மார்கழியில் பன்னீரும் உண்டு என்பது கோயில் மரபு. பஞ்சாமிர்தத்தைத் தலையில் வைத்த மாத்திரத்தில் அகற்றிவிடுவார்கள் என்றும், முடிமுதல் அடிவரை நனைப்பது சந்தனத்துக்கும் பன்னீருக்கும்தான் என்றும் சொல்வார்கள். இரவில் சாத்தும் ராக்காலச் சந்தனத்தை மறுநாள் காலையில் வழித்துப் பிரசாதமாகத் தருகிறார்கள்.

இங்கே வாங்குகிறவர் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும். ஸ்டாலில் அடுக்கியிருக்கும் டப்பாக்களில் இருப்பது திருமேனியில் பட்ட பஞ்சாமிர்தம் அல்ல. தைப்பூசத்துக்கு லட்சக்கணக்கில் வரும் கூட்டத்துக்கு அப்படிக் கொடுக்கவும் முடியாது. அபிஷேகத்துக்குரிய அதே பொருள்களால் தேவஸ்தானத்தின் தயாரிப்பு நிலையத்தில் எந்திரங்களில் கலந்து அடைப்பதுதான் டப்பாவில் வருவது. நவபாஷாணத்தின் மருந்துக் குணம் டப்பாவுக்குள் இருக்கிறது என்று யாராவது விற்றால் நம்ப வேண்டாம். சர்க்கரை நோய் இருப்பவர்கள் "சாமி பிரசாதம், ஒன்றும் செய்யாது" என்று கரண்டி கரண்டியாகச் சாப்பிடுவதைப் பார்க்கும்போது மனசு பதைக்கிறது. உள்ளங்கையில் சுண்டைக்காய் அளவு வாங்கி வாயில் போட்டுக்கொண்டால் பிரசாதம் ஏற்ற புண்ணியம் முழுசாகவே வந்து சேரும்.

ஞானப்பழக் கதை எல்லாருக்கும் தெரியும். நாரதர் கொண்டுவந்த பழம் பெற்றோரைச் சுற்றி வந்த அண்ணனுக்குப் போக, மயிலேறி உலகைச் சுற்றிய தம்பி கோபித்துக்கொண்டு இந்த மலைக்கு வந்தான், "பழம் நீயே" என்று சமாதானம் சொன்னதால் ஊருக்குப் பழனி என்று பேர் வந்தது என்பார்கள். ஊரின் பழைய பேர் ஆவினன்குடி. ஆவியர் குடியின் பேரை ஒட்டியது. மயிலுக்குப் போர்வை கொடுத்த பேகன் அந்தக் குடியில் வந்தவன். திருமுருகாற்றுப்படை சொல்லும் மூன்றாம் படைவீடும் திருவாவினன்குடிதான். அந்தக் கோயில் அடிவாரத்தில் இருக்கிறது. மலையேறுமுன் அங்கே கும்பிட்டுவிட்டுப் போவதே முறை. பழத்துக்காகக் கோபித்து வந்தவனுக்குப் பழத்தைப் பிசைந்தே அபிஷேகம் செய்கிறோம் என்பது இந்தப் பக்கத்துப் பக்தர்கள் மனசில் ஆழமாக இருக்கிறது. அதனால்தான் பழம் மாறினால் அவர்களுக்கு உடனே தெரிந்துவிடுகிறது.

அந்தப் பழத்தைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். விருப்பாச்சி என்பது ஒட்டன்சத்திரம் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர். அந்தப் பேரில் வழங்கும் மலைவாழை, கீழ்ப்பழனி மலையில் பண்ணைக்காடு, தாண்டிக்குடி, பாச்சலூர் வட்டாரங்களில் காப்பித் தோட்டத்துக்குள் நிழலுக்கும் வருமானத்துக்குமாக வளர்கிறது. விருப்பாச்சி, சிறுமலை வாழை இரண்டுக்குமே புவிசார் குறியீடு உண்டு. பழம் சிறிசு. சதையில் நீர்ச்சத்து குறைவு. பிசைந்தால் மாவு மாதிரி திரளும். இனிப்போடு லேசான புளிப்பும், தோலை உரித்த உடனே எழும் ஒரு வாசமும் சேர்ந்தது. பூவன் பழத்தில் செய்தால் கொழகொழவென்று இளகி, இரண்டாம் நாளில் மேலே தண்ணீர் கட்டும். பச்சைநாடன் சதை வழுக்கும், வாசம் எடுபடாது. கற்பூரவல்லி இனிப்பு நன்றாகத்தான் இருக்கும், ஆனால் நீர் அதிகம், நிறமும் சீக்கிரம் மங்கும்.

மலைவாழைக்கு வந்த பெரிய சோதனை முடிக்கொத்து நோய். வாழை அசுவினி என்ற சிறு பூச்சி ஒரு வைரஸைக் கட்டைக்குக் கட்டை பரப்பும். இலைகள் குறுகி, நுனியில் கொத்தாக நெருங்கி நிற்கும். தார் வராது, வந்தாலும் தேறாது. மருந்தடித்து நோயைத் தீர்க்க வழியில்லை. நோய் கண்ட மரத்தைக் கிழங்கோடு தோண்டி அழிக்க வேண்டும். பக்கக்கன்று எடுத்து நடுகிற பழைய வழக்கமே நோயையும் சேர்த்து நட்டுவிட்டது. திசு வளர்ப்பில் உருவாக்கிய நோயற்ற கன்றுகளால்தான் தோட்டங்கள் ஓரளவு மீண்டன. பழம் வருடம் முழுக்க ஒரே சீராகக் கிடைக்காததற்கும், மலைவாழை விலை பூவனைவிட எப்போதும் மேலே நிற்பதற்கும் இதுவே காரணம். மிகவும் மலிவாக ஒரு டப்பா கிடைத்தால், அதற்குள் என்ன பழம் போயிருக்கும் என்று கேட்டுக்கொள்ள வேண்டியதுதான்.

சர்க்கரை அடுத்தது. ஈரோடு மாவட்டத்துக் கவுந்தப்பாடி ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் ஏலம் எடுக்கும் நாட்டுச்சர்க்கரைதான் தேவஸ்தானம் வழக்கமாக வாங்குவது. நல்ல நாட்டுச்சர்க்கரை மங்கிய பழுப்பில் இருக்கும், கையில் நசுக்கினால் கொஞ்சம் ஒட்டும், நாக்கில் கரும்பு வாசம் வரும். பளிச்சென்ற மஞ்சளாகவும் மணல் போல உதிர்ந்தும் இருந்தால் வெள்ளைச் சீனி கலந்திருக்க வாய்ப்பு அதிகம். சீனி கலந்த பஞ்சாமிர்தம் தொண்டையில் கரகரக்கும், நிறமும் வெளிறியிருக்கும்.

இனி டப்பா. தேவஸ்தானத் தயாரிப்பைத் திறந்தால் நிறம் அடர்ந்த பழுப்பு, பதம் களிக்கும் அல்வாவுக்கும் நடுவில். கரண்டியைச் சாய்த்தால் மெதுவாக நகரும், ஒழுகாது. முதலில் ஏலக்காயும் நெய்யும் மூக்கில் ஏறும். வாயில் வைத்த பிறகுதான் பழம் தெரியும். கற்கண்டு பல்லில் கடிபட வேண்டும். அதுவே புதுச் சரக்கு என்பதற்கு நல்ல அடையாளம். நாள் ஆக ஆகக் கற்கண்டு கரைந்து முனை மழுங்கும், பிறகு காணாமலே போகும். இனிப்பு என் கணக்குக்கு ஒரு பிடி அதிகம்தான். ஆனால் அந்த இனிப்பைக் குறைத்தால் பண்டம் நிற்காது. சர்க்கரை பழத்தின் நீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால்தான் கிருமிக்கு நீர் கிடைக்காமல் போகிறது.

அடிவாரத்துக் கடைகளில் வேறுபாடு நிறைய. பல தலைமுறையாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். சிலரது பண்டம் தேவஸ்தானத்தினதைவிடப் பழ வாசம் கூடுதலாக, கையால் பிசைந்த திப்பியோடு இருக்கும். அதை விரும்புகிறவர்கள் அந்தக் கடையைத் தேடிப் போகலாம். அதே தெருவில் எசன்ஸ் வாசம் தூக்கலாக வரும் டப்பாவும் விற்கிறது. ஏலக்காய் எசன்ஸ் என்றால் திறந்த நொடியில் கூர்மையாக அடித்துவிட்டு, இரண்டு நிமிடத்தில் அடங்கிவிடும். இடித்த ஏலக்காய் கடைசிவரை மெல்ல வந்துகொண்டே இருக்கும், கறுப்பு விதைத் துணுக்கும் கண்ணில் படும். தயாரித்த தேதி, காலாவதித் தேதி, உணவுப் பாதுகாப்பு உரிம எண் மூன்றும் அச்சிடாத டப்பா எவ்வளவு ருசியாக இருந்தாலும் வேண்டாம். தேதி மூடியில் ஒட்டியிருந்தால், ஒட்டின மேல் ஒட்டு இருக்கிறதா என்று நகத்தால் தடவிப் பாருங்கள்.

வாங்கும் இடத்தைப் பற்றி. தேவஸ்தான ஸ்டால்கள் மலைமேலும் அடிவாரத்திலும் உண்டு. 2023 அக்டோபர் 1 முதல் மலைக்கோயிலுக்குள் கைப்பேசி கொண்டுபோகத் தடை. கீழே கொடுத்துவிட்டு ஏற வேண்டும். அதனால் மேலே ஸ்கேன் செய்து காசு கொடுக்கலாம் என்று நினைத்துப் போகாதீர்கள், ரொக்கம் எடுத்துக்கொள்ளுங்கள். 693 படியையும் ஏறுகிறவர்கள் மேலே வாங்கிச் சுமப்பதைவிட, இறங்கிய பிறகு அடிவாரத்து ஸ்டாலில் வாங்குவது நல்லது. பண்டம் ஒன்றேதான். ரோப்காரை நம்பிப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். மாதத்தில் ஒரு நாள் பராமரிப்புக்கு நிற்கும், வருடாந்திரப் பராமரிப்புக்கு ஒரு மாதத்துக்கும் மேல் நிற்கும். அப்போது 1966 முதல் ஓடுகிற வின்ச்சில், அதாவது கம்பியால் இழுக்கும் மலை ரயிலில், வரிசை நீளும்.

சாயரட்சை என்ற மாலைப் பூசையின் ராஜ அலங்காரத்துக்குக் கூட்டம் அதிகம். ஆண்டிக் கோலத்தில் பார்க்க வேண்டும் என்கிறவர்கள் காலை விளா பூசைக்கே போக வேண்டும்.

தைப்பூசம் முடிந்த கையோடு எடப்பாடியிலிருந்து பருவதராஜகுலம் என்ற சமூகத்தார் காவடியோடு நடந்து வருவார்கள். மலைமேல் இரவு தங்கும் உரிமை அவர்களுக்கு மட்டுமே உண்டு. பஞ்சாமிர்தத்தை அவர்களே மலைமேல் டன் கணக்கில் தயாரித்து, சாமிக்குப் படைத்துப் பங்கிட்டுக்கொள்வார்கள். மூட்டை மூட்டையாகச் சர்க்கரை, தார் தாராகப் பழம், பேரீச்சை, கற்கண்டு, தேன், நெய். எந்திரம் வராத காலத்தில் இந்தப் பண்டம் எப்படி இருந்திருக்கும் என்று அறிய ஆசைப்படுகிறவர்கள் அந்தச் சமயத்தில் வந்து ஒரு கை வாங்கிப் பார்க்கலாம். இந்தக் காவடி வழக்கமெல்லாம் இடும்பனில் தொடங்கியது. அகத்தியருக்காகச் சிவகிரி, சக்திகிரி இரண்டையும் தோளில் தூக்கி வந்த இடும்பன், இங்கே இறக்கி வைத்து இளைப்பாறினான். திரும்பத் தூக்கப் பார்த்தால் மலை அசையவில்லை. மேலே கோவணத்தோடு ஒரு பையன் நின்றான். சண்டையில் மாண்டு, அருளால் உயிர்பெற்று, தன்னைப்போல் காவடி சுமந்து வருகிறவர்களுக்கு அருள வேண்டும் என்று வரம் கேட்டான். படிவழியில் இடும்பன் சந்நிதியில் நின்று கும்பிட்டுவிட்டே மேலே போக வேண்டும்.

வீட்டில் செய்கிறவர்களுக்கு அளவு: உரித்த விருப்பாச்சிப் பழம் 1 கிலோ, நாட்டுச்சர்க்கரை 1 கிலோ, கொட்டை நீக்கிய பேரீச்சை 150 கிராம், கற்கண்டு 100 கிராம், நெய் 75 கிராம், தேன் 50 கிராம், ஏலக்காய் 5 கிராம். மூன்று நாளில் தீர்ந்துவிடும் என்றால் சர்க்கரையை அரைக் கிலோவாகக் குறைக்கலாம். அதற்கு மேல் வைக்க வேண்டுமானால் குறைக்கக் கூடாது. நெய்யும் தேனும் சம எடையில் சேரக் கூடாது என்று வைத்தியத்தில் ஒரு விதி உண்டு. அதனால்தான் இந்த வித்தியாசம்.

சர்க்கரையைச் சலித்துவிடுங்கள், கரும்புச் சக்கையும் சிறு கல்லும் வரும். பாத்திரம், கை, கரண்டி எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். பழத்தைக் கழுவ வேண்டுமானால் தோலோடு கழுவித் துடைத்துக் காயவிட்ட பிறகே உரிக்க வேண்டும். காம்பு ஒட்டிய கறுப்பையும் நுனியையும் கிள்ளி எறியுங்கள். உரித்த பழம் காற்றில் கறுக்கும் என்பதால், மொத்தத்தையும் உரித்துக் குவிக்காமல் பத்துப் பத்தாக உரித்து உடனே சர்க்கரையில் போட்டுப் பிசைய வேண்டும். மிக்ஸி வேண்டாம். காற்றும் சூடும் ஏறி, நுரைத்த கூழாகிவிடும், பழத்தின் திப்பி ஒன்றுகூட மிஞ்சாது. பிசைந்து அரைமணி நேரம் விட்டால் சர்க்கரை பழத்தின் நீரை இழுத்துக் கரைந்து கொஞ்சம் இளகும். பயந்துபோய்ச் சர்க்கரையைக் கொட்ட வேண்டாம், இளக வேண்டியதுதான். பிறகு பேரீச்சையைச் சின்னதாக நறுக்கிச் சேர்த்தால் அதுவே நீரை உறிஞ்சிப் பதத்தை மீட்கும். நெய்யை உருக்கி ஆறவிட்டு ஊற்றுங்கள். சூடாக ஊற்றினால் பழம் வெந்த வாசம் வந்துவிடும், உறைந்த நெய்யைப் போட்டால் திட்டுத் திட்டாக நிற்கும். தேனும் ஏலக்காயும் அப்புறம். கற்கண்டைக் கடைசியில் போடுங்கள். முதலில் போட்டால் அன்றைக்கே கரைந்துவிடும்.

கெடுவது எப்படி என்றால், பெரும்பாலும் ஈரக் கரண்டியால். மேல்பரப்பில் ஒரு சொட்டு நீர் பட்டாலும் அந்த இடத்தில் சர்க்கரையின் செறிவு குறைந்து, அங்கிருந்து நொதிக்கத் தொடங்கும். குமிழ் வரும், கள் வாசம் வரும், மூடி உப்பும். ஓரத்தை மட்டும் எடுத்துவிட்டு மிச்சத்தைச் சாப்பிடலாம் என்று நினைக்க வேண்டாம், முழு டப்பாவையும் கொட்டிவிட வேண்டும். நெய் காறலெடுப்பது இன்னொரு வகை. வெயிலில் நிற்கும் காரின் பின்கண்ணாடி ஓரத்தில் டப்பாவை வைத்தால் இரண்டே நாளில் அது தெரியும்.

மலைக்கு மேலே வசிப்பவர்கள் கேட்கிற இரண்டு சந்தேகங்கள் உண்டு. பழனியிலிருந்து கொடைக்கானல் மலைப்பாதையில் ஏறி வீட்டுக்கு வந்ததும் மூடி உப்பியிருக்கிறது, கெட்டுவிட்டதா என்பது ஒன்று. பழனியைவிடக் கொடைக்கானலில் காற்றழுத்தம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அடிவாரத்தில் அடைத்த காற்று மேலே விரியும். சிப்ஸ் பாக்கெட் ஊதுவதும் இதனால்தான். திறந்து முகர்ந்து பாருங்கள். புளிப்பு வாசமும் குமிழும் இல்லையென்றால் பண்டம் நன்றாகவே இருக்கிறது. மேலே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கிறது, பூசணமா என்பது இரண்டாவது. பெரும்பாலும் அது குளிரில் உறைந்த நெய். விரலில் எடுத்துத் தேய்த்தால் நெய் உருகிவிடும். பூசணமாக இருந்தால் பஞ்சு மாதிரி நூல் தெரியும், உருகாது, பச்சையோ கறுப்போ ஓடும். அப்படிப் பூத்திருந்தால் கிளறக்கூட வேண்டாம், அப்படியே தூக்கிப் போட்டுவிடுங்கள்.

உறைந்த டப்பாவை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து இளக்குவது பலர் செய்வது. மூடியின் விளிம்பில் ஆவி படிந்து உள்ளே சொட்டும். அதைவிட ஜன்னலோர வெயிலில் அரைமணி நேரம் வைத்து, உலர்ந்த கரண்டியால் அடிவரை கிளறிவிட்டால் பதம் திரும்பிவிடும். மழை மாதங்களில் கொடைக்கானலில் எந்தப் பண்டமும் ஈரம் கோக்கும். டப்பாவைத் திறந்ததும் பஞ்சாமிர்தத்தை வாய் அகன்ற கண்ணாடிப் பாட்டிலுக்கு மாற்றி, பாட்டிலின் கழுத்துவரை நிரப்பி மூடுங்கள். தினமும் எடுக்க ஒரு சின்னக் கிண்ணத்தில் தனியாக வைத்துக்கொண்டால் பெரிய பாட்டிலை அடிக்கடி திறக்க வேண்டியிருக்காது.